பெற்றோரைப் புற்றுநோய் குறைந்த பகுதிக்குக் கூட்டிப் போனால் ஆபத்து குறையுமா?

கேள்வி, 2024 ஜூன் 3

உலக வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 460-க்கு மேல் புதிதாகப் புற்றுநோய் வருகிறதாம், இந்தியாவில் 100 அளவில். ஒரே நாட்டுக்குள்ளும் இப்படி ஏற்ற இறக்கம் இருக்கிறது. அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 68. அவர்கள் இருக்கும் பகுதி வரைபடத்தில் அடர்சிவப்பு. வெளிர்நிறப் பகுதிக்கு வீடு மாற்றினால் அவர்களுக்கு ஆபத்து குறையுமா?

2024 ஜூன் 3, இரவு

குறையாது என்றுதான் சொல்வேன். ஏன் என்று ஒரே மூச்சில் எழுத வராது, நேரம் கிடைக்கும்போது எழுதிக்கொண்டே போகிறேன்.

நான் ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் நோயாளிக் கோப்புகளைப் புரட்டி, பெயர், வயது, முகவரி, எந்த உறுப்பு, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று படிவத்தில் ஏற்றுவதுதான் வேலை. நீங்கள் பார்த்த வரைபடத்தின் நிறங்கள் இப்படிப்பட்ட படிவங்களிலிருந்துதான் வருகின்றன. அதனால் ஒரு பகுதி வெளிறியிருந்தால் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, அங்கே படிவம் நிரப்ப யார் போனார்கள் என்பதுதான்.

2024 ஜூன் 4

அந்த 460, 100 இரண்டும் வயது சீராக்கிய விகிதங்கள். ஒரு நாட்டில் முதியவர்கள் அதிகம், இன்னொன்றில் இளைஞர்கள் அதிகம் என்றால் நேரடியாக ஒப்பிட முடியாது. அதனால் இரண்டுக்கும் ஒரே கற்பனை மக்கள்தொகையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பரவலாகப் பயன்படும் உலகத் தர மக்கள்தொகை 1960-ல் ஜப்பானின் மிட்சுவோ செகி போட்டது, பிறகு பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளர் ரிச்சர்ட் டால் 1966-ல் கொஞ்சம் திருத்தினார். அந்தக் கற்பனை ஊரில் 100 பேர் இருந்தால் 65-ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 7 பேர். 75-ஐத் தாண்டியவர்கள் 2 பேர்.

இதை முதன்முதலில் கூட்டிப் பார்த்த அன்று எனக்கு வருத்தமாகவே இருந்தது. நான் நிரப்பிய படிவங்களில் பாதிக்குமேல் முதியவர்களுடையவை, கடைசியில் வெளியாகும் எண்ணில் அவர்களுக்குக் கிடைக்கும் பங்கோ இவ்வளவுதான். 2013-ல் ஐரோப்பாவுக்காக மாற்றியமைத்த தர மக்கள்தொகையில் 65-க்கு மேல் 19.5 சதவீதம். அதே பதிவேட்டை இந்த இரண்டு அளவுகோலிலும் அளந்தால் இரண்டு வேறு எண்கள் வரும். சில நேரம் இரண்டு பகுதிகளின் வரிசையே மாறிவிடும்.

ஆகவே உங்கள் அப்பாவைப் பற்றிக் கவலைப்பட்டால் மொத்த விகிதத்தைப் பார்க்காதீர்கள். 70 முதல் 74 வரை உள்ள ஆண்களில் ஒரு லட்சத்துக்கு எத்தனை என்று தனி வரி இருக்கும், அதைப் பாருங்கள். உறுப்பு வாரியாகப் பிரித்திருந்தால் இன்னும் நல்லது.

2024 ஜூன் 4, சற்று நேரம் கழித்து

அப்படியானால் வயது சீராக்குவதே வீணா என்று ஒருவர் கேட்கிறார். வீண் இல்லை. 1954-ல் புள்ளியியலாளர் ஆர்மிடேஜும் அதே டாலும் காட்டியது இது: பல உறுப்புகளில் புற்றுநோய் இறப்பு, வயதின் ஆறாம் அடுக்கு போல ஏறுகிறது. வயது இரட்டிப்பானால் ஆபத்து 64 மடங்கு. 65-க்கும் 70-க்கும் நடுவிலேயே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இந்த அளவு செங்குத்தான ஏற்றத்தில் ஓர் ஊரின் சராசரி வயது சில வருடம் தள்ளிப்போனாலே எண்ணிக்கை பொங்கிவிடும். அமெரிக்காவின் புளோரிடாவில் ஓய்வு பெற்றவர்கள் குவிந்திருப்பதால் சீராக்காத விகிதம் பயமுறுத்தும், வயதைச் சரிசெய்தால் அது சாதாரண மாநிலமாகிவிடும். சீராக்கத்தான் வேண்டும். சீராக்கியபின் வருவது முதியவர்களின் எண் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

2024 ஜூன் 6

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன்.

என் அத்தைக்கு 83 வயது. சாப்பாடு குறைந்தது, உடம்பு இளைத்தது, அப்புறம் கண் மஞ்சளானது. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: ஊசி போட்டு சதை எடுத்து பயாப்ஸி பார்க்கலாம், ஆனால் இந்த உடல்நிலையில் அதற்குப்பிறகு செய்யப்போவது எதுவும் மாறாது. அத்தையிடமே கேட்டோம். வீட்டுக்குப் போகலாம் என்றார். ஏழு வாரம் வீட்டில் இருந்தார், கடைசி இரண்டு வாரம் வலி மருந்துதான். இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் ‘முதுமை’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று எனக்கு அது உறைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேலைக்காக ஓர் இறப்புப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தபோது ‘முதுமை’, ‘முதுமை’, ‘மாரடைப்பு’, ‘முதுமை’ என்று போய்க்கொண்டே இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதில் எத்தனை பேர் என் அத்தை? பயாப்ஸி இல்லை, ஆகவே பதிவேட்டில் இல்லை. சான்றிதழிலும் இல்லை. எங்கள் பகுதியின் 80-க்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் அத்தை புற்றுநோய் இல்லாதவர்.

பல பதிவேடுகளில் 85, 90 வயதுக்குமேல் விகிதம் தட்டையாகும், அல்லது இறங்கும். உடலின் தன்மையால் உண்மையிலேயே ஏறுவது நிற்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வயதில் தேடுவதை நாம் நிறுத்திவிடுகிறோம் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரிச்சர்ட் டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் 1981-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகப் புற்றுநோய்க் காரணங்களைப் பற்றிப் பெரிய அறிக்கை எழுதியபோது, ஆய்வை 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் இறப்போடு நிறுத்திக்கொண்டார்கள். வயதானவர்களின் கணக்கில் நோய் கூடுகிறதா, கண்டுபிடிப்பது கூடுகிறதா என்று பிரிக்க முடியாது என்பது அவர்கள் காரணம். முறைப்படி பார்த்தால் சரியான முடிவு. ஆனாலும் நோய் அதிகம் வரும் வயதினரைத்தான் கணக்குக்கு வெளியே நிறுத்த வேண்டியிருந்தது.

2024 ஜூன் 7

நேற்று எழுதியதற்கு நேர் எதிரான கதையும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

என் அப்பாவுக்கு 74 வயதில் முழு உடல் பரிசோதனை. யாரும் தனியாகக் கேட்காமலே அந்தத் தொகுப்பில், புராஸ்டேட் என்ற ஆண்களின் சுரப்பிக்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் இருந்தது. எண் கூடுதல் என்றார்கள், பயாப்ஸி, புராஸ்டேட்டில் வீரியம் குறைந்த புற்றுநோய். இப்போது அவருக்கு 79. அறுவை இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறோம், காலையில் எங்களுக்கு முன்னால் நடைக்குக் கிளம்பிவிடுகிறார். வேறு காரணங்களால் இறந்த 70 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் உடலைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில், மூன்றில் ஒருவருக்காவது புராஸ்டேட்டில் இப்படி ஓசையில்லாத புற்று இருந்திருக்கிறது. எங்கே ரத்தப் பரிசோதனை பரவலோ அங்கே அவை எண்ணாக வெளியே வரும். அமெரிக்காவில் பிஎஸ்ஏ பரவியதும் புராஸ்டேட் புற்றுநோய் விகிதம் ஏறி 1992-ல் உச்சம் தொட்டது, பிறகு இறங்கியது. ஆண்களின் உடல் நான்கைந்து வருடத்தில் அப்படி மாறிவிடுமா என்ன?

தென் கொரியாவின் தைராய்டு கதை இதைவிடத் தெளிவு. 1999-ல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அதில் தைராய்டு இல்லை, ஆனால் போனவர்களுக்குக் கூடவே கழுத்து ஸ்கேனும் எடுத்துவிடும் பழக்கம் வந்தது. 2011-ல் தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. இறப்பு விகிதம் அசையவே இல்லை. 2014-ல் மருத்துவர்களே எழுந்து இதை வெளியில் பேசியபிறகு அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தன.

ஆக எங்கள் பகுதியின் கணக்கில் அப்பா ஒரு சிவப்புப் புள்ளி, நன்றாக நடந்துகொண்டிருக்கிறார். அத்தை வெள்ளை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்க்க எனக்கு இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது.

2024 ஜூன் 9

கடந்த இரண்டு குறிப்புகளையும் படித்துவிட்டு ‘எல்லாம் தேடலின் வித்தியாசம்தான், நோயில் வித்தியாசமே இல்லை’ என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுதியதன் விளைவு அது. நிஜமான வித்தியாசம் பெரியது, அதையும் சொல்லியாக வேண்டும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி, இறப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நுரையீரல் புற்றுநோய் இரக்கமில்லாதது, ஓசையில்லாமல் பத்து வருடம் கிடக்கும் வகை அதில் குறைவு. அமெரிக்க மாநிலங்களில் கென்டக்கி உச்சியிலும் யூட்டா அடியிலும் இருப்பது, புதிய நோயிலும் சரி இறப்பிலும் சரி, ஒரே மாதிரி தெரிகிறது. காரணம் புகை. யூட்டாவில் புகைப்பவர்கள் எப்போதுமே குறைவு. கல்லீரல் புற்றுநோயில் உலகிலேயே முதலிடம் மங்கோலியாவுக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி, அதோடு டி வைரஸும் அங்கே பரவியிருப்பதால். யாரும் அங்கே அளவுக்கு மீறித் தேடியதால் வந்த எண் இல்லை அது.

இந்தியாவின் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தின் 2012–2016 அறிக்கையில் ஆண்களுக்கான விகிதம் மிசோரமின் ஐஸ்வால் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு 269.4. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் பகுதியில் 39.5. கிட்டத்தட்ட 7 மடங்கு. இதில் வடகிழக்கின் புகையிலைப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அது நிஜம். 39.5 எவ்வளவு நிஜம் என்பதில் நான் அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். நான் போன கிராமங்களில் 80 வயதுக்காரரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக ஒரு நாள் முழுவதும் ஆகும்.

2024 ஜூன் 10

திருத்தம். ஜூன் 6-ல் ‘பயாப்ஸி இல்லை, ஆகவே பதிவேட்டில் இல்லை’ என்று எழுதினேன். தவறு, மனபாரத்தில் எழுதிவிட்டேன். பதிவேட்டு விதி அப்படி இல்லை. பயாப்ஸி இல்லாமல் ஸ்கேனை வைத்தோ, மருத்துவரின் நேரடிப் பரிசோதனையை வைத்தோ புற்றுநோய் என்று முடிவு செய்திருந்தால் அதையும் பதியலாம், எந்த அடிப்படையில் கண்டறிந்தார்கள் என்று ஒரு குறியீடு போட்டால் போதும். இறப்புச் சான்றிதழில் மட்டுமே தெரியவந்த நோயாளிகளுக்கும் தனிக் குறியீடு உண்டு. அந்த வகையின் பங்கு கூடினால் பதிவேடு உயிரோடு இருக்கும்போது பலரைத் தவறவிடுகிறது என்று அர்த்தம், முதிய வயதில் அந்தப் பங்கு பொதுவாகக் கூடுதல்.

அத்தை விஷயத்தில் விதி குறுக்கே நிற்கவில்லை. அவரை ஸ்கேன் எடுத்த இடம் நாங்கள் போய்வரும் இடங்களின் பட்டியலில் இல்லை. அவ்வளவுதான். இது விதியைவிட எளிதாகச் சரிசெய்யக்கூடியது, அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

2024 ஜூன் 12

சரி, வீடு மாற்றும் கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகச் சொல்லத் தோன்றுவது இதுதான்: முதியவர்களின் புற்றுநோய் வரைபடம் இன்றைய ஊரின் வரைபடம் இல்லை. அவர்கள் 20, 30, 40 வயதில் எங்கே எதைச் சுவாசித்தார்கள், எந்தத் தண்ணீர் குடித்தார்கள், எந்த ஊசி போட்டுக்கொண்டார்கள் என்பதன் வரைபடம்.

சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரத்துக்கு 1958-ல் புதிய ஆறுகளிலிருந்து குடிநீர் கொண்டுவந்தார்கள். அதில் ஆர்செனிக் மிக அதிகம். சுமார் 12 வருடம் ஊரே அதைக் குடித்தது. 1970-ஐ ஒட்டிச் சுத்திகரிப்பு நிலையம் வந்து அளவு சரிந்தது. ஆனால் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களால் இறப்பது அதற்குப்பிறகு பல பத்தாண்டுகள் மற்றப் பகுதிகளைவிட அதிகமாகவே நீடித்தது. தண்ணீர் சுத்தமாகி ஒரு தலைமுறை கடந்தபிறகும் வரைபடத்தில் சிவப்பு. இன்று அங்கே குடிபோகும் 70 வயதுக்காரருக்கு அந்தச் சிவப்பு ஒட்டாது. அங்கிருந்து கிளம்பிப் போகும் 70 வயதுக்காரர் அதைக் கூடவே எடுத்துப் போகிறார்.

எகிப்தில் நத்தைக் காய்ச்சலுக்கு (நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோய்) 1950-கள் முதல் 1980-கள் வரை ஊர் ஊராக ஊசி போட்டார்கள். நல்ல நோக்கம். கண்ணாடி ஊசிகளைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஹெபடைட்டிஸ் சி பரவியது. குழந்தையாக அந்த வரிசையில் நின்றவர்களுக்கு முதுமையில் கல்லீரல் புற்றுநோய். தைவானில் 1984-ல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி தொடங்கினார்கள். அந்தத் தலைமுறையில் கல்லீரல் புற்றுநோய் சரிந்தது, அவர்களின் தாத்தா பாட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வரைபடம்.

அப்புறம் அமெரிக்கா போன ஜப்பானியர்கள். 1968-ல் வெளிவந்த ஹென்செல், குரிஹாரா ஆய்வு. குடியேறியவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் ஆபத்து ஜப்பானில் இருந்த அளவிலிருந்து அவ்வளவாக இறங்கவில்லை, அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் நன்றாக இறங்கியது. ஆனால் பெருங்குடல் புற்றுநோய் குடியேறியவர்களுக்கே ஏறிவிட்டது. எனவே இடம் மாறினால் எதுவுமே மாறாது என்று சொல்லவில்லை. இளமையில் போய் ஒரு வாழ்நாள் கழித்தவர்கள் அவர்கள். 71 வயதில் வீடு மாறுவது வேறு.

2024 ஜூன் 13

சின்னதாக ஒன்று. ‘எங்கள் கிராமத்தில் போன வருடம் மட்டும் முதியவர்கள் 5 பேருக்குப் புற்றுநோய்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 75-ஐத் தாண்டியவர்கள் 200 பேர் இருக்கும் ஊரில், ஆண்டுக்குச் சராசரி 2 பேருக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணமும் இல்லாமலேயே ஏழு வருடத்துக்கு ஒருமுறை யாருக்குமே வராத வருடம் வரும், சில வருடம் 5 பேர் வருவார்கள். அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் இறப்பு மிகக் குறைவான மாவட்டங்கள் எவை என்று பார்த்தால் மக்கள் குறைந்த கிராமப்புற மாவட்டங்கள். மிக அதிகமான மாவட்டங்களும் அதே ரகம்தான். உங்கள் ஊரைப் பற்றிய பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஐந்து பேருக்கும் ஒரே உறுப்பா, ஒரே கிணறா, ஒரே ஆலையா என்று முதலில் எழுதி வையுங்கள். ஐந்தும் வெவ்வேறு உறுப்பு என்றால் பெரும்பாலும் வயதுதான்.

2024 ஜூன் 16

கேள்வி கேட்டவரிடம், அப்பா புகைப்பவரா, என்ன வேலை பார்த்தார் என்று கேட்டிருந்தேன். பதில் வந்துவிட்டது. 40 வருடமாகப் புகைக்கிறார், இன்னும் விடவில்லை. 22 வருடம் கொதிகலன் குழாய்களுக்கு வெப்பக்காப்பு சுற்றும் வேலை.

இதைப் படித்ததும் மேலே எழுதிய எல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது. அந்தக் காலத்து வெப்பக்காப்பு என்றால் பெரும்பாலும் அஸ்பெஸ்டாஸ். அது கிளப்பும் நுரையீரல் உறைப் புற்றுநோய் 20 முதல் 50 வருடம் கழித்துக்கூட வரும். பிரிட்டனில் 1999-ல் முழுத் தடை வந்தபிறகும் பழைய கப்பல் கட்டும் ஊர்களின் முதியவர்களிடம் அது தொடர்ந்து தெரிவது இதனால்தான். அஸ்பெஸ்டாஸும் புகையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இரண்டின் கூட்டலைவிட அதிகமாக எகிறுகிறது.

இதற்கு வீடு மாற்றம் மருந்தில்லை, ஆனால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. புகையை விடச் சொல்லுங்கள். 71-ல் என்ன பிரயோஜனம் என்று அவர் கேட்பார். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 வருடம் பின்தொடர்ந்து 2004-ல் வெளிவந்த ஆய்வில் 60 வயதில் விட்டவர்களுக்கே சுமார் 3 வருட ஆயுள் கூடியிருந்தது. 71-ல் அவ்வளவு கிடைக்காமல் போகலாம், இருந்தாலும் கிடைப்பது அவருடையது. வீடு மாறியே தீரவேண்டும் என்றால் ஸ்கேனும் நல்ல மார்பு மருத்துவரும் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள், அது வரைபடத்தில் சிவப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு தாள் எடுங்கள். அப்பா எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை அந்த வேலை பார்த்தார், எந்தப் பொருளைக் கையாண்டார், முகமூடி கொடுத்தார்களா, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று அவரையே கேட்டு எழுதி, மருத்துவக் கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். நான் புரட்டிய ஆயிரக்கணக்கான கோப்புகளில் தொழில் என்ற கட்டத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று மட்டும்தான் இருக்கும்.